கடையில் அக்கா இருப்பார்

“எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டியா?”

“அமுக்கிட்டேன். மெயில், காலண்டர், மெசேஜ், போட்டோ, கணக்கு எழுதுற ஷீட்டு. ஒவ்வொண்ணா அனுமதி கேட்டுச்சு, ஒவ்வொண்ணா கொடுத்தேன்.”

“பீரோ சாவி கேக்கலையா?”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். உங்களைவிட அது எவ்வளவோ தேவலை. ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறுது.”

“ஏறும் ஏறும். நம்ம வீட்டுக்குத் தத்துப்புள்ளை வந்தாச்சு. மடியில வச்சுச் சோறு ஊட்டு.”

“ஊட்டிக்கறேன். கீறிட்டு வாய் பேசிக்கிட்டு நிக்காதீங்க. முதல்ல அதை உடைங்க.”

தம்பி குனிந்து, மேசை மேல் கிடந்த கண்ணாடித் தகட்டின் கீறலுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து அழுத்தினான். டக்கென்று ஒரு சத்தம். தகடு இரண்டானது. மூலையில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அக்காவின் தோள்கள் ஒரு முறை தூக்கிப்போட்டன.

“ஒண்ணுமில்லக்கா. நான்தான்.”

“தெரியும்டா.”

தெரிந்துதான் இருந்தது. ஆனால் உடம்புக்குத் தனியாக ஒரு ஞாபகம் இருந்தது. அது அவளைக் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் கண்ணாடிக் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் கதவு இருந்த இடத்தில் இப்போது கதவு இல்லை. அகலமான தகடுகளைக் கொண்டுபோக இடம் போதவில்லை என்று நிலையோடு பெயர்த்துவிட்டார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவினால் கடையில் கேட்கும். கடையில் கண்ணாடி உடைந்தால் படுக்கையில் கேட்கும். சுவரோரம் ஆளுயரத்துக்கும் மேலான தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. மழை நாட்களில் அவற்றுக்குள் தெருவே ஈரமாக, தலைகீழாக இல்லாமல், ஆனால் இன்னொரு ஊர்த் தெருவைப் போல ஓடிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர் இருந்தது வெட்டும் மேசைக்குப் பக்கத்தில், தூசி படாமல் பாலித்தீன் போர்வைக்குள். இதுவரை அதில் வரும் கேள்விகளுக்கெல்லாம் தம்பி மனைவிதான் பதில் எழுதினாள். அதுதான் தொல்லை. கீறிய கண்ணாடியை உடனே உடைக்க வேண்டும், விட்டால் கீறல் ஆறிவிடும் என்பது தம்பியின் நம்பிக்கை. புண் ஆறுவதைப் போலவே சொல்வான். அந்த நேரத்தில் இரண்டாவது ஆளும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் கேள்வி கேட்டவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அதனால்தான் தானே படித்துப் பதில் எழுதும் இந்த ஏஐ உதவியாளை மெயிலோடும் காலண்டரோடும் மெசேஜோடும் கோத்துவிட்டாள்.

“இனிமே யார் என்ன கேட்டாலும் அதுவே பார்த்துச் சொல்லிடும் அண்ணி. எப்போ வரலாம், யார் இருப்பாங்க, சைஸ் என்ன, எல்லாம். வந்த ஆளைக் காக்க வைக்காதேன்னு மட்டும் கண்டிப்பா சொல்லியிருக்கேன்.”

“நல்லா இருக்கட்டும்மா,” என்றாள் அக்கா. முன்பல் இல்லாததால் வார்த்தைகளில் காற்று கலந்து வந்தது.

அந்தப் பல் மழை பிடித்த வாரத்தில் போனது. புருஷன் எவர்சில்வர் டம்ளரோடு கையை வீசினான். டம்ளரில் பால் இருந்தது. பால் சூடாக இருக்கிறது என்றுதான் வீசினான். அவன் கிரேன் ஓட்டுபவன். கட்டிக்கொண்டிருக்கும் உயரமான கட்டடங்களுக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புத் தூண்களை இரண்டு விரலால் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்குவான் என்று அவனோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். பகல் முழுவதும் அப்படி மெல்ல இறக்கியதை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒரேயடியாகப் போடுவான்.

அவள் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு மறுநாளே அவன் தேடி வந்தான். கையில் இரும்புக் கம்பி. கடை முகப்பில் தொங்கிய கண்ணாடிகளை ஒன்றையும் விடாமல் அடித்தான். அக்கா பின்கட்டில், வைக்கோல் திணித்த பெரிய மரப்பெட்டிக்குப் பின்னால், வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தாள். பல் போன இடத்திலிருந்து கசிந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருந்தாள். துப்பினால் சத்தம் வரும்.

“அண்ணி இங்க வரவே இல்லை,” என்று தம்பி மனைவி குறுக்கே நின்றாள். “நீங்க அடிச்சுத் துரத்திட்டு எங்ககிட்ட வந்து கேட்டா? நாங்கதான் உங்ககிட்ட கேக்கணும். எங்க அண்ணி எங்க?”

தம்பி கையில் ஒரு நீளக் கண்ணாடிச் சில்லு இருந்தது. அதை அவன் இறுக்கிய இறுக்கில் அவன் உள்ளங்கைதான் கிழிந்தது.

கிரேன்காரன் சிரித்தான். “இருந்தா இருக்கட்டும் மச்சான். இல்லைன்னாலும் பரவாயில்லை. நான் அவசரப்படற ஆள் இல்லை.”

போலீசில் போய்ச் சொன்னார்கள். உடைந்த கண்ணாடிக்கு வேண்டுமானால் புகார் எழுதிக்கொள்கிறோம், மற்றது குடும்ப விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து தம்பி சாப்பிடும்போதும் அதையே சொல்வான். “இன்னொரு தடவை வரட்டும். வெட்டிக் கூறு போட்டுடறேன்.” அக்காவுக்காகக் கரைத்த கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். அவள் தட்டைப் பார்த்தபடி, “நீயும் அவரு மாதிரியே பேசாதடா. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது,” என்பாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். பிறகு கடைக்குப் போய், விற்காத பழைய தகடு ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் போட்டு உடைப்பான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் குதிக்கும்.

அந்தக் குதிப்பை நிறுத்தத்தான் அவள் கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டாள். வைர முனையை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பட்டுத் துணி கிழிவதுபோல ஒரு சின்ன இரைச்சல் வரும். அது வந்தால் சரியான கீறல். பிறகு கட்டைவிரல்கள். சத்தம் தன் கையிலிருந்து வரும்போது உடம்பு அதற்குப் பயப்படவில்லை. சொல்லப்போனால் அது பிடித்திருந்தது. ஒரு பிற்பகல் முழுக்க, தேவையே இல்லாமல், கழிவுத் துண்டுகளை உள்ளங்கை அகலத்துக்கு உடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணி, வைர வியாபாரம் பண்ணப் போறீங்களா? இவ்வளவு பொடியா நறுக்கறீங்க.”

“உன் புருஷன் பேசற பேச்சுக்கு வெங்காயம் மாதிரி ஏதாவது நறுக்கணும்மா.”

அந்த வீட்டில் ஒரே ஒரு காலண்டர்தான், கம்ப்யூட்டரில் இருப்பது. கடை வேலை, வீட்டு வேலை, பல் டாக்டர், தண்ணீர் வரும் நாள் எல்லாம் ஒன்றிலேயே ஏறும். பெரிய தகட்டை ஒருவர் தூக்கக் கூடாது. அதனால் பொருத்தும் வேலை என்றால் தம்பியும் மனைவியும் சேர்ந்துதான் போக வேண்டும். அப்போது வெட்டி வைத்ததை வாங்க வருபவர்களுக்கு யார் எடுத்துக் கொடுப்பது என்பதையும் தம்பி மனைவி எழுதி வைப்பாள். முன்பெல்லாம் ‘கடை பூட்டு’ என்று இருக்கும். இப்போது ‘அண்ணி மட்டும் கடையில்’ என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒளிந்து கிடந்த அண்ணி இப்போது கடையையே பார்த்துக்கொள்கிறார்.

உதவியாள் வந்தபின் மெயில்கள் வந்த வேகத்தில் பதில் போனது. தம்பி மனைவி சில சமயம் வேலையை விட்டுவிட்டு அது எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“இங்க பாருங்க அண்ணி, எவ்வளவு மரியாதையா எழுதுது. ஒருத்தர் பொண்டாட்டிக்கு ஆளுயரக் கண்ணாடி கேட்டிருக்காரு. ‘ஆண்கள் மட்டும் இருக்கும் கடைக்கு வர அவள் தயங்குகிறாள். பெண்கள் இருக்கும் நேரம் சொன்னால் அழைத்து வருகிறேன்.’ நம்ம ஆளு என்ன சொல்லுது தெரியுமா?” அவள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தாள். “‘தங்கள் மனைவியின் தயக்கம் புரிகிறது. வியாழக்கிழமை பிற்பகல் வருவது வசதியாக இருக்கும். அன்று உரிமையாளரும் அவர் மனைவியும் ஒரு நடனப் பள்ளியில் கண்ணாடி பொருத்தச் சென்றிருப்பார்கள். கடையில் உரிமையாளரின் அக்கா மட்டும் இருப்பார். அவர் உங்களை அன்போடு கவனித்துக்கொள்வார்.’”

அக்காவின் கையில் துடைப்பம் நின்றது. “என்னைப் பத்தி எதுக்கும்மா சொல்லுது?”

“காலண்டர்ல இருக்கறதைச் சொல்லுது அண்ணி.”

“‘மட்டும்’னு வேற.”

“அது நான் எழுதினதுதான்.” அவள் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு வேகமாக எதையோ தட்டினாள். “இதோ, சொல்லிட்டேன். இனிமே அண்ணி பேச்சையே எடுக்காதேன்னு. பாருங்க, ‘சரி. இனி உங்கள் அண்ணியைப் பற்றி வெளியார் யாரிடமும் சொல்ல மாட்டேன். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.’ கோவமே வராது அதுக்கு.”

“போன மெயிலைத் திருப்பி வாங்க முடியுமா?” தம்பி உள்ளிருந்து கேட்டான்.

“அதெப்படி முடியும்? போனது போயாச்சு.”

“யாரு அந்த ஆளு?”

“பொண்டாட்டிக்குக் கண்ணாடி வாங்கித் தர்ற மனுஷன். உங்க இனம் இல்லை.”

தம்பி சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை நாம போக வேண்டாம். தள்ளிப் போடு.”

“மழைன்னு சொல்லி ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. அந்த டான்ஸ் டீச்சர் நம்மளை வச்சே ஆடிடுவா.”

“போயிட்டு வாங்கடா,” என்றாள் அக்கா. “பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வர்ற ஆளு. நான் காட்டறேன், பிடிச்சா எடுத்துக்கட்டும். எத்தனை நாள்தான் பெட்டிக்குப் பின்னாலயே இருக்கறது?”

ஒரு கண்ணாடியாவது தன் கையால் விற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. வந்த பெண் கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதையும், தான் பின்னால் நின்று ‘உங்களுக்கு எடுப்பா இருக்கு’ என்று சொல்வதையும் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காற்றோடு மழை. தம்பியும் மனைவியும் கண்ணாடியைப் போர்வையால் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். “ஷட்டரைப் பாதி இறக்கியே வைங்க அண்ணி, சாரல் அடிக்குது,” என்று தம்பி மனைவி வண்டியிலிருந்து கத்தினாள்.

அக்கா படச் சட்டங்களுக்கான துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். ஷட்டருக்குக் கீழே முதலில் காலணிகள் வந்து நின்றன. மழையில் நனைந்த, கனத்த, நுனியில் இரும்பு வைத்த காலணிகள். அந்த இரும்பைக் கண் அடையாளம் காண்பதற்கு முன்பே அவள் விலா எலும்பு கண்டுகொண்டது.

அவன் குனிந்து உள்ளே வந்து, பின்கையால் ஷட்டரைத் தரை வரை இறக்கினான். உள்ளிருந்த பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“பொண்டாட்டிக்குக் கண்ணாடி வாங்க வந்தேன். அக்கா மட்டும் இருப்பாங்கன்னு சொன்னாங்க.”

அவள் மேசை மேலிருந்த போனை எட்டினாள். அவன் முந்திக்கொண்டு எடுத்து, தண்ணீர் வாளிக்குள் மெல்ல இறக்கினான். விடவில்லை, இறக்கினான்.

“உன் தம்பி புதுசா ஒரு ஆளைச் சேர்த்திருக்கான் போல. தங்கமான பையன். ஊரெல்லாம் சுத்தித் தேடினேன், உன் சொந்தக்காரன் ஒருத்தன் வாயைத் திறக்கலை. இவன் கேட்டதும் சொல்லிட்டான். அன்போட கவனிச்சுக்குவீங்களாமே.”

“போயிடுங்க. அவங்க வந்துடுவாங்க.”

“வரமாட்டாங்க. பசை காயற வரைக்கும் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமில்ல. நான் கட்டடத்துல பார்க்காததா?”

கம்ப்யூட்டர் டிங் என்றது. அவன் திரையைப் பார்த்துக் குனிந்தான். தம்பி மனைவியின் மெசேஜ். ‘அண்ணி போன் எடுக்கல. மிரர் ஆளு வந்தாச்சா?’ அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் எழுத்துகள் ஓடின. அவன் அதைச் சத்தமாக வாசித்தான்.

“‘அவர் வருவதாகச் சொன்ன நேரம் இதுதான். உங்கள் அண்ணி அவரைக் கவனித்துக்கொண்டிருப்பார்.’” அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “டேய், நீ எங்க வீட்டுல பிறந்திருக்க வேண்டியவன்டா.”

சிரிப்பு முடியும் முன்பே அறை விழுந்தது. அவள் மேசை மேல் சரிந்தாள். கன்னத்துக்கடியில் வெட்டிய துண்டுகள் நொறுங்கின. கையில் அகப்பட்ட வைர முனையால் அவன் முகத்தை நோக்கி இழுத்தாள். காதிலிருந்து தாடை வரை ஒரு மெல்லிய கோடு விழுந்தது, சரியான கீறல், ரத்தம் பிறகுதான் வந்தது. அவன் அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கினான். இரண்டாவது விரலில் ஒரு சத்தம் வந்தது. அவள் கத்தினாள். மழை அதை ஷட்டருக்கு வெளியே போகவிடவில்லை.

“என்னை விட்டுட்டுப் போயிட்டா மனுஷி ஆயிடுவியா? வா, உன் மூஞ்சிய உனக்கே காட்டறேன்.”

முடியைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரோரத் தகடுகள் முன் நிறுத்தினான். முன்னால் நின்றது பெரிய ரசக் கண்ணாடி. அதில் அவள் முகத்தை வைத்து அழுத்தினான். ஒரு முறை மோதினான். கண்ணாடி முழுக்க அவள் மூச்சும் எச்சிலும் ரத்தமும் பரவின. அவற்றுக்கு நடுவே அவன் முகம் அவள் தோளுக்கு மேல், கல்யாணப் புகைப்படத்தில் இருப்பதுபோல, நேராகத் தெரிந்தது.

“பாத்தியா? ஒரு பல்லு இல்லை. உன்னை எவன் வச்சுக்குவான்? வண்டி வெளியில நிக்குது. நீயா நடந்து வர்றியா, தூக்கிப் போடட்டுமா?”

“வரமாட்டேன்.”

“என்ன?”

“கொன்னு போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. நடந்து வரமாட்டேன்.”

அவன் ஓங்குவதற்காக முடியை விட்டு ஒரு அடி பின்னால் போனான். அவள் மண்டியிட்டு விழுந்தாள். தகடுகளுக்கு அடியில், அவை பின்பக்கம் சாய்ந்து நிற்பதற்காகச் செருகியிருந்த மர ஆப்பு, அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஒடியாத கையால் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. பின் வந்தது. அவள் உருண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள்.

கண்ணாடி நிமிர்ந்தது. கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு முன்னால் சாய்ந்தது, அதன் பின்னால் மற்றவையும்.

கண்ணாடித் தொழிலுக்கு வருபவனுக்கு முதலில் சொல்லித் தருவது வெட்டுவதை அல்ல. விழுகிற தகட்டைப் பிடிக்காதே, விட்டுவிட்டு ஓடு என்பதைத்தான். எத்தனை சொன்னாலும் கை தானாக நீளும், அதைப் பழக்கி எடுக்க மாதக்கணக்கு ஆகும். கிரேன்காரனுக்கு அதை யாரும் சொன்னதில்லை. சரியும் பாரத்தைத் தரையில் விடாமல் பிடிப்பதுதான் அவன் தொழிலே. அவன் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்தான்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. கடைசியாக ஏதோ ஒரு சின்னத் துண்டு எங்கிருந்தோ விழுந்து, உருண்டு, நின்றது. மழைச் சத்தம் திரும்ப வந்தது.

மேசைக்கு அடியிலிருந்து அவள் பார்த்தாள். அவன் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கால் தகடுகளுக்கு அடியில் சிக்கியிருந்தது. இடது முழங்கைக்கு மேலே, உள்பக்கம், சட்டை இல்லை, தோலும் இல்லை. ரத்தம் வழியவில்லை, விட்டுவிட்டுத் துள்ளியது. அவனே அதை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான், உயரத்திலிருந்து கீழே எதையோ பார்ப்பதைப் போல.

“துணி எடு,” என்றான்.

அவள் வெளியே வந்தாள். நிற்க முடிந்தது. கால்களுக்கடியில் துண்டுகள் நொறுங்கின.

“காது கேக்கலையாடி? துணி. தோள்கிட்ட இறுக்கிக் கட்டணும்.”

மேசை துடைக்கும் நீளத் துணி ஆணியில் தொங்கியது. அவள் எடுத்தாள். எடுத்ததை அவனுக்குக் கொடுக்கவில்லை, வைக்கவும் இல்லை. ஒடிந்த விரல் வீங்கி, தன்னுடையது அல்லாத ஒன்றைப் போல நின்றது. கம்ப்யூட்டர் மறுபடி டிங் என்றது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாவி பையில இருக்கு. எடுத்துத் திற. யாரையாவது கூப்பிடு.” அவன் குரல் இறங்கியிருந்தது. “சரி, திறக்க வேண்டாம். முதல்ல இதைக் கட்டு.”

அவள் துணியை வீசினாள். அது அவன் மடியில் விழுந்தது. அவன் வலது கையால் எடுத்துத் தோளைச் சுற்றினான், ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். ரத்தத்தில் நனைந்து வழுக்கியது. மறுபடி சுற்றினான். மறுபடி வழுக்கியது. உதடுகள் வெளுத்துக்கொண்டே வந்தன. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அத்தனை வருடங்களில் அவன் அவளைக் கீழேயிருந்து பார்த்ததே இல்லை.

“ஒத்தைக் கையால முடியலை,” என்றான். “கட்ட வேண்டாம் நீ. இந்த ஒரு முனையை மட்டும் வந்து பிடிச்சுக்கோ.”